குறைந்த சத்தத்தில் நிறைந்த பாட்டு

(பாச்சலூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில், இயற்பியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசுங்க, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கார் ஸ்பீக்கர். கடந்த பல வருஷங்களாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில், கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரை மாற்றி நல்ல பாட்டு கேட்பது எப்படி என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். நாம் மூன்று வருஷம் படித்த இயற்பியல் பாதிக்கு மேல் இதற்குள்ளேயே இருக்கிறது.

காருக்குள் பாட்டு என்பது நூற்றாண்டை நெருங்கும் ஆசை. 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் தன் காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் கூட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பாட வைத்துக் காட்டினார். 'மோட்டோரோலா' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. அது நம் மலைக்கு ஏறிவந்த கதை உங்களுக்கே தெரியும். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஜீப்பில் வாழைத்தாரோடு வாழைத்தாராக உட்கார்ந்து, இளையராஜா பாட்டைக் கேட்டுக்கொண்டே பாச்சலூர் வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரின் மூலம் இங்கிலாந்தின் 'ட்ரையம்ப் ஹெரால்டு'. அதே சேஸைக் குறுக்கித்தான் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற பேர்போன ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். பிறகு 1998-ல் 'சான் ஸ்டார்ம்' வந்தது. நம் நாட்டிலேயே செய்த, கூரையைத் திறக்கக்கூடிய இரண்டு சீட்டு வண்டி. ஃபைபர் கிளாஸ் உடம்பு, 1149 சி.சி. ரெனோ எஞ்சின். குறைந்த எண்ணிக்கையில்தான் வந்தது. வைத்திருப்பவர்கள் இன்றும் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஸ்பீக்கர் மாற்றுவது சத்தத்தைக் கூட்டுவதற்காக அல்ல. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் பாட்டு முழுசாகக் கேட்பதற்காக. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எப்படி என்பதை முதலில் பார்ப்போம்.

இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அமைப்பை ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-லேயே வகுத்துவிட்டார்கள். ஒரு காந்தம், அதன் இடுக்கில் ஒரு காயில், காயிலோடு ஒட்டிய கோன். கரண்ட் போனால் காயில் முன்னும் பின்னும் ஆடும். கோன் காற்றைத் தள்ளும். இதில் பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. அதாவது முன்னால் ஒரு பாட்டு, பின்னால் அதற்கு நேர் எதிரான ஒரு பாட்டு. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். கீச்சுச் சத்தத்துக்கு அலைநீளம் சின்னது, அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஆனால் 100 ஹெர்ட்ஸ் பேஸுக்கு அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், பதினோரு அடி. அது ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றி வந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். நல்ல ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட வைத்துப் பாருங்கள், தகர டப்பா மாதிரி இருக்கும். ஒரு அட்டையில் வட்டமாகத் துளை போட்டு அதில் வைத்துப் பாருங்கள், உடனே பேஸ் வரும். ஐந்து ரூபாய் அட்டை செய்கிற வேலை அது.

காரில் அந்த அட்டைதான் டோர். ஆகவே பாட்டு பாதி ஸ்பீக்கரில் இருக்கிறது, பாதி டோரில் இருக்கிறது. ஸ்பீக்கரை மட்டும் மாற்றிவிட்டு, "காசு போட்டும் ஒண்ணும் தெரியலையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

இந்த ஊரைச் சேர்ந்த ஒரு தம்பி, நம் கல்லூரியில் எனக்கு வெகுவாகப் பின்னால் படித்தவர், ஒரு பழைய இரண்டு சீட்டுக் காரை வைத்திருக்கிறார். காப்பித் தோட்டக்காரர். ஃபைபர் உடம்பு, திறந்த கூரை. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. ஒருநாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, டோரை வெட்டி ஆறுக்கு ஒன்பது ஸ்பீக்கர் போட்டுடலாம்ணே. பெரிய ஆம்ப்ளிஃபையரும் வச்சிடலாம். பாட்டே கேட்க மாட்டேங்குது" என்றார்.

"வெட்டின டோர் மறுபடி முளைக்காது தம்பி. மொதல்ல கழட்டிப் பார்ப்போம்" என்றேன்.

கழற்றினோம். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் தொட்டால் பிசுபிசுவென்று உதிர்ந்தது. இது யார் குற்றமும் இல்லை. அந்த ஃபோம் பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் பட்டால் பதினைந்து இருபது வருஷத்தில் மக்கிப்போகும். பாச்சலூர் மாதிரி வருஷத்தில் பாதி நாள் மூடுபனி இறங்கும் ஊரில் கேட்கவே வேண்டாம். டோருக்குள் தண்ணீர் போகாமலிருக்க ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை, முன்னால் வேலை பார்த்த யாரோ கிழித்து எறிந்திருந்தார்கள். ஸ்பீக்கரும் நான்கு ஸ்க்ரூவில் இரண்டோடு லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் எந்த ஆம்ப்ளிஃபையர் வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான்.

என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் அளவு. பழைய வண்டிகளில் நான்கு அங்குலம், ஐந்தேகால் அங்குலம், நாலுக்கு ஆறு என்று பல தினுசு இருக்கும். வட்டத்தின் அகலத்தை எல்லாரும் அளப்பார்கள். ஆழத்தை அளக்க மாட்டார்கள். கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு அளக்க வேண்டும். காந்தத்தின் முதுகில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு உருண்டை ஒட்டிவைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். களிமண் நசுங்கினால் இடம் போதாது. அப்படிப்பட்ட டோருக்கு நியோடைமியம் காந்தம் வைத்த தட்டை ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. சின்னக் காந்தத்திலேயே அதிக பலம், ஆகவே ஆழம் குறைவு.

இரண்டாவது வளையம். புது ஸ்பீக்கரின் ஸ்க்ரூ ஓட்டைகள் பழைய ஓட்டைகளோடு பொருந்தாது. டோரில் புதிதாகத் துளை போடக் கூடாது. நடுவில் ஒரு வளையம் செய்து, வளையத்தைப் பழைய ஓட்டைகளிலும் ஸ்பீக்கரை வளையத்திலும் முடுக்க வேண்டும். பலர் எம்.டி.எஃப். பலகையில் செய்வார்கள், ஈரம் பட்டால் அது அப்பளம் மாதிரி உப்பிவிடும். நான் சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையை வாங்கி அறுத்துவிடுவேன். தண்ணீர் ஒன்றும் செய்யாது, மலிவும்கூட.

மூன்றாவது அடைப்பு. டோரின் உள்பக்கம் இருக்கும் பெரிய ஓட்டைகளை, ஒருபக்கம் அலுமினியமும் மறுபக்கம் பியூட்டைல் பசையும் உள்ள ஷீட்டை ஒட்டி மூட வேண்டும். வளையத்துக்கும் டோருக்கும் நடுவில் ஃபோம் டேப். ஸ்பீக்கரின் முன்னாலும் ஒரு வட்டம் ஃபோம் டேப். இல்லாவிட்டால் பாதிப் பாட்டு டோர் பேடுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். டோரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்பது 'டொக்' என்று மாறினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: டோரின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அவற்றை மட்டும் அடைக்கவே கூடாது. அடைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி, தகர டோர் என்றால் ஒரே பருவத்தில் துருப் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

நான்காவது ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது. பாலிப்ராப்பிலீன் கோன், ரப்பர் வளையம். இந்த மலைக் காற்றுக்கு இதுதான் தாங்கும். அட்டைப் பெட்டியின் மேல் '300 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். சென்ஸிடிவிட்டி என்று சின்ன எழுத்தில் டெசிபலில் ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 3 டெசிபல் கூடுதல் என்றால், பாதி வாட்டிலேயே அதே சத்தம் என்று பொருள். செட்டின் மேல் '50 வாட் நான்கு' என்று போட்டிருக்கும் கணக்கையும் பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் கிடைப்பது 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். வோல்ட்டின் வர்க்கம் 207. அதை இரண்டு பெருக்கல் நான்கு, எட்டால் வகுத்தால் சுமார் 26 வாட். கடவுளே வந்து ஆம்ப்ளிஃபையர் செய்தாலும் அந்த வோல்ட்டில் சுத்தமாகக் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான். நடைமுறையில் அதற்கும் குறைவு. ஆகவே அந்தக் குறைந்த வாட்டில் நன்றாகப் பாடும் ஸ்பீக்கர்தான் நமக்கு வேண்டும்.

ஐந்தாவது, சின்ன ஸ்பீக்கரின் தலையில் பெரிய சுமையை ஏற்றக் கூடாது. நான்கு அங்குல ஸ்பீக்கரிடம் 40 ஹெர்ட்ஸைக் கேட்டால் அது திணறும், மற்ற சுரங்களையும் கலக்கிவிடும். புதுச் செட்டுகளில் ஹை பாஸ் ஃபில்டர் இருக்கும், 80-ல் வையுங்கள். இல்லாவிட்டால் 470 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். நான்கு ஓமுக்கு அது சுமார் 85 ஹெர்ட்ஸில் வெட்டும். சூத்திரம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒயரிங். பழைய வண்டிக்காரர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து ரேடியோக்களில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் மைனஸை பாடியில் எர்த் செய்துவிடுவார்கள். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்கிறது. ஒன்றைக்கூட பாடியில் தொடவிடக் கூடாது. பழைய ஒயரை அப்படியே நம்பிப் புதுச் செட்டை மாட்டினால், அவுட்புட் ஐ.சி. போய்ச் சேர்ந்துவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் இணைக்காதீர்கள். எந்த முனை பிளஸ் என்று தெரியாத ஸ்பீக்கருக்கு 1.5 வோல்ட் செல் ஒன்றை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். இரண்டு டோரிலும் ஒரே மாதிரி இணைக்காவிட்டால், வலது ஸ்பீக்கரும் இடது ஸ்பீக்கரும் பேஸை ஒன்றுக்கொன்று தின்றுவிடும்.

ஃபைபர் வண்டிக்கு இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஃபைபரில் கரண்ட் போகாது. தகர வண்டி மாதிரி கிட்டத்தில் ஒரு ஸ்க்ரூவில் எர்த் கொடுக்க முடியாது. சேஸுக்கோ பேட்டரி மைனஸுக்கோ தனி ஒயர் இழுக்க வேண்டும். அடுத்தது, தகர பானெட் எஞ்சினின் ஸ்பார்க் இரைச்சலை உள்ளேயே தடுத்து வைக்கும், ஃபைபர் தடுக்காது. அமெரிக்காவின் கார்வெட் கார் இப்படி ஃபைபர் உடம்புடையதுதான். அதனால் அந்தக் காலத்திலேயே ரேடியோ வைத்த கார்வெட்டுகளில் இக்னிஷனுக்கு உலோக மூடி போட்டே கொடுத்தார்கள். நம் தம்பியின் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டோடு 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஏறியது. ரெசிஸ்டர் வைத்த ஸ்பார்க் பிளக்கும், செட்டுக்கு நேரான எர்த் ஒயரும் போட்ட பிறகு அது அடங்கியது.

ஆம்ப்ளிஃபையர் வைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமல்ல. ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டி எரியாமல் இருப்பதற்கு.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் இங்கே ஒன்றிரண்டு பேர் உண்டு என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அமர் போஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். வங்காளத்திலிருந்து போனவரின் மகன், எம்.ஐ.டி.யில் பேராசிரியர், 1964-ல் போஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர்கள் 1983 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கென்றே அளந்து ஸ்பீக்கர் செய்தார்கள். 1984 கார்வெட்டிலும் அது உண்டு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதற்கென்று ஒரு பெட்டி, அதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபையர். டோரும் ஸ்பீக்கரும் ஒன்றுதான் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவர்கள் கம்பெனியிலேயே செய்துவிட்டார்கள். இப்படிப்பட்ட வண்டிகளில் ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்காது, அதைவிடக் குறைவாக இருக்கும். மீட்டரில் அளக்காமல் கடையில் கிடைத்த 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் சத்தம் குறையும். அந்தக் குறைந்த ஓம் ஸ்பீக்கரைச் சாதாரணச் செட்டில் மாட்டினால் செட்டு சூடேறும். மாற்றினால் முழுசாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதே ஸ்பீக்கரின் ஃபோம் வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

கூரை திறந்த வண்டிக்கு இன்னொரு யோசனை, 1989-ல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் இருந்தது. சீட்டின் தலை சாயும் இடத்திலேயே சின்ன ஸ்பீக்கர். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் லாபம். அதாவது நான்கு மடங்கு வாட் கொடுத்ததற்குச் சமம். காதருகில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் காலருகில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரை ஜெயித்துவிடும்.

தம்பியின் வண்டிக்கு ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடிதான் போட்டோம். ஆம்ப்ளிஃபையர் வைக்கவில்லை. டோரில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. பழைய ஸ்பீக்கர்களையும் ஸ்க்ரூக்களையும் ஒரு பெட்டியில் போட்டு, மேலே பெயர் எழுதிக் கொடுத்தனுப்பினேன். நாளைக்கே யாராவது அந்த வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டுமென்றால் அரை நாள் வேலை. பழைய வண்டி நம் சொத்து என்று நினைக்கிறோம். உள்ளபடியே நாம் அதற்குக் கொஞ்ச காலம் காவல்காரர்கள், அவ்வளவுதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு போன தம்பி ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினார். "அண்ணே, முன்னாடி 30-ல வச்சுக் கேட்டதை இப்ப 17-ல கேக்குறேன். பேஸ் கிட்டார் தனியா போறது தெரியுது. இன்னொண்ணு, தாண்டிக்குடி ரோட்டுல எதிர்ல வர்ற லாரி ஹாரன் இப்பத்தான் நல்லாக் கேக்குது" என்றார்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இன்று காலை நீங்கள் எல்லாரும் வடகாடு தாண்டி, பரப்பலாறு அணையைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறி வந்தீர்கள். வளைவில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கும் மாடுகூடத் தெரியாது. மலைப்பாதையில் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். எதிரே வருபவன் அடிக்கும் ஹாரன்தான் நமக்கு விளக்கு. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஏறி வருவதே காதில் விழாதவன் எப்படி வழிவிடுவான்? ஸ்பீக்கர் சரியில்லாத வண்டியில் மனிதன் என்ன செய்கிறான்? பேஸ் வரவில்லையே என்று வால்யூமைத் திருகுகிறான். பேஸ் வராது, இரைச்சல்தான் வரும். அந்த இரைச்சலில் ஹாரன் மூழ்கிவிடும்.

காதும் கொஞ்ச நாளில் மூழ்கிவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். மற்ற பாகம் எதையும் கழற்றி மாட்டிவிடலாம்; காதின் உள்ளே இருக்கும் மெல்லிய ரோமச் செல்களுக்கு மாற்றுப் பாகம் எந்தக் கடையிலும் கிடையாது. நான் என் கடைக்கு வரும் பையன்களிடம் தினமும் சொல்வது இதைத்தான்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன்னால், அது இருக்கும் இடத்தை ஒருமுறை பாருங்கள். ஸ்பீக்கர் கெட்டதா, டோர் கெட்டதா என்று கேளுங்கள். கையில் ஒரு மீட்டர், ஒரு செல், ஒரு உருண்டை களிமண், இவை போதும். உங்கள் ஆய்வகத்தில் இருப்பதைவிடக் குறைவுதான். படித்த படிப்புக்கும் பிழைக்கிற பிழைப்புக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால், என் கடைக்கு அனுப்பி வையுங்கள், நேரில் காட்டுகிறேன்.

சாயந்திரம் மலை இறங்கும்போது பாட்டு கேளுங்கள், சந்தோஷமாகக் கேளுங்கள். வளைவு வருவதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.